வேவர்லிக்கு இங்கிலீசு வராதாம்

அக்கரப்பத்தனையில் வேவர்லி, அதே மாவட்டத்தில் அபொட்ஸ்போர்ட். முன்னது வால்டர் ஸ்கொட் 1814இல் வெளியிட்ட நாவலின் பெயர். பின்னது அவர் வீட்டின் பெயர். இங்கே இரண்டும் தேயிலைத் தோட்டங்கள். ஆங்கில இலக்கியத்திலேயே குடியிருக்கும் பிள்ளைக்கு, சாதாரண தரத்தில் அந்தப் பாடம் எடுக்க ஆசிரியர் கிடைப்பதுதான் பல இடங்களில் குதிரைக்கொம்பு. மொழியும் அந்நியமில்லை. லைன் லயமாகவும், பரேட் பெரட்டாகவும் வாய்க்குள் வந்து மூன்று தலைமுறைக்கு மேல் ஆயிற்று. இருந்தாலும் கேட்கிறோம்: "ஏன்டா, இங்கிலீசே வராதா?"

மடக்கொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை கொழுந்து பறிக்கிறவர்களை ஆங்கிலத்திலேயே பாடியவர். "நம்ம பிள்ளைகளுக்கு சி.வி.யைக் கொடுக்கலாமே, சேர்" என்று ஓர் அதிகாரியிடம் சொன்னேன்.

"தாராளமா. ரெண்டு பிரதி, போட்டோவும் ஒட்டித் தரச் சொல்லுங்க."