குதிரைப் பதிவுக்கு ஒரு விண்ணப்பம்

தீவகத்தாரின் தாகத்துக்குப் பொறுப்பாய் வீற்றிருக்கும் மகா கனம் பொருந்திய அதிபர் அவர்களுக்கு, நெடுந்தீவுவாசி ஒருவன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது:

சென்ற மாதம் தங்கள் உத்தியோகத்தர் ஒருவர் குறிகட்டுவானில் படகேறி, அலையில் நனைந்து, எங்கள் படலையைத் திறந்து வந்து, படிவமொன்றை விரித்துக் குடிநீர் எங்கிருந்து பெறுகிறீர்கள் என்று வினவ, நான் முற்றத்துக் கிணற்றைக் காட்ட, அவரும் 'கிணறு உண்டு' என்று திருப்தியோடு எழுதிக்கொண்டார். பிறகு என் மனைவி நீட்டிய பால்தேநீரை வாங்கி, அது திரைந்து கிடந்த கோலத்தைச் சற்றே தியானித்துவிட்டு, இன்று விரதம் என்று சொல்லித் திண்ணையில் வைத்துவிட்டார். பாலில் தோஷமில்லை, ஐயா. சாராப்பிட்டியிலிருந்து சைக்கிளில் கட்டிவரும் நல்ல தண்ணீர்க் கான் அன்று வெறுமையாயிருந்தது. கிணற்று நீரோ சவர்.

எங்கள் காலடியிலிருப்பது சுண்ணாம்புக்கல். மாரிமழை அதன் துவாரங்கள் வழியே இறங்கி, கடலிலிருந்து ஊறிவந்து நிற்கும் உப்புநீரின்மேல் பாலாடைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் கீழே நாற்பதடி நிற்குமென்பது விஞ்ஞானிகளின் கணக்கு; மேலே சிறிது குறைந்தாலும் கீழிருந்து உப்பு பன்மடங்கு ஏறிவிடுமென்ற அதன் மறுபக்கத்தை, பள்ளிக்கூடமே காணாத என் பாட்டி, 'ஆசைப்பட்டு இறைக்காதே' என்று கிணற்றடியில் நின்று போதித்துவிட்டாள். மோட்டார் பூட்டியவர்கள் அவளைக் கேளாதவர்கள்.

வெளியிலிருந்து நீர் தருவதாகச் சொன்னவர்களுக்கும் குறைவில்லை. கடனீரேரிகளை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு சமைக்கலாமென்று 1950களிலேயே ஆறுமுகம் என்ற பொறியியலாளர் திட்டம் வகுத்தார். பின்னாளில் இரணைமடுக் குளத்து நீர் வருமென்றார்கள். கிளிநொச்சிக் கமக்காரர் தங்கள் வயலை நினைத்து மறுத்தார்கள், அதில் நியாயமில்லையென்று நான் சொல்லமாட்டேன். 2024இல் தாளையடியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் பிரிக்கவல்ல ஆலை திறக்கப்பட்டதைப் பத்திரிகையில் வாசித்து, தாளையடியும் எங்கள் மாவட்டமே என்பதைப் பிள்ளைகளின் பூகோளப் புத்தகத்தில் சரிபார்த்து, நானும் பெருமைப்பட்டேன்.

இனி என் விண்ணப்பத்துக்கு வருகிறேன். இத்தீவின் கட்டைக் குதிரைகளுக்கு அந்நியர் ஆண்ட நாளில் லாயம் கட்டினார்கள். அதன் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. சுதேச அரசாங்கமோ 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசிய பூங்காவாகவே பிரகடனம் செய்தது. ஆகையால் என்னையும், மனைவியையும், பிள்ளைகள் இருவரையும் குதிரைகளாகப் பதிந்துகொள்ளும்படி வேண்டுகிறேன். குளம்பில்லை என்பது ஆட்சேபமானால் லாடம் அடித்துக்கொள்ளச் சித்தம். கோடையில் அக்குதிரைகளும் தண்ணீரின்றி மடிவதை அறியாதவனல்லன்; ஆனால் அவை மடிந்தால் பத்திரிகையில் படம் வருகிறது, பவுசர் பற்றியும் பேச்செழுகிறது.

'கிணறு உண்டு' என்ற பதிவை மெய்ப்பிக்கும் பொருட்டு, அக்கிணற்று நீரில் ஒரு போத்தல் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தங்கள் காரியாலயத்தில் அதில் தேநீர் தயாரித்துப் பார்த்தபின், போத்தலை மட்டும் மறவாமல் திருப்பியனுப்பவும். மூடி இறுக்கமான போத்தல் வீட்டில் அது ஒன்றுதான்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
கிணறு உடையவன்