வேளைக்கு 12

முதுநிலை மருத்துவ மாணவர்களுக்குத் தொடர்பணி பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே சொல்லிவிட்டது. பேராசிரியர்கள் அதை மருந்துச்சீட்டாகப் படித்தார்கள்: வேளைக்கு 12, மூன்று வேளை, இடைவெளி விடாமல்.

மற்றதெல்லாமும் பாடத்திட்டம்தான். நோயாளி எதிரே ‘உனக்கெல்லாம் எவன் சீட் கொடுத்தான்?’ என்பது வாய்மொழித் தேர்வு. கேஸ் ஷீட் முகத்துக்குப் பறந்து வந்தால் அனிச்சைச் செயல் பரிசோதனை. சீஃப் வீட்டுப் பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்து வருவதா? குழந்தைகள் நலப் பிரிவு.

யாராவது மயங்கி விழுந்தால் அதுவும் வீணாவதில்லை. கண் விழித்ததும் கேள்வி வரும்: ‘மயக்கத்துக்கு 5 காரணம் சொல்!’ நாலு சொல்லிவிடலாம். ஐந்தாவது, ஸ்டெதாஸ்கோப்போடு எதிரிலேயே நிற்கிறது. மதிப்பெண் போடுவதும் அதுதான்.