ஒத்துவராத ஜோடி

கே: பிளாக் கோபாலிமர் – ஒரே வரியில்?

ப: ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு பாலிமர் சங்கிலிகளுக்கு, நுனியில் வேதிப்பிணைப்பால் முடிச்சுப் போட்டுவிடுவது. விவாகரத்து கிடையாது.

கே: அப்புறம் குடித்தனம் எப்படி நடக்கும்?

ப: ஒரே வீட்டில் தனி அடுப்பு. அவரவர் இனத்தோடு ஒதுங்கப் பார்ப்பார்கள். சங்கிலி எட்டும் தூரத்துக்கு மேல் போக முடியாது. அதனால் சில பத்து நானோமீட்டருக்குள்ளேயே பாகம் பிரித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள்.

கே: என்ன வடிவத்தில் நிற்பது என்று யார் தீர்மானிப்பது?

ப: பங்கு விகிதம். பாதிக்குப் பாதி என்றால் அடுக்கடுக்கான தட்டுகள். ஒரு தரப்பு கால்வாசி என்றால் அது உருளைகளாகி அறுகோண வரிசை கட்டும். இன்னும் இளைத்தால் உருண்டைகள். தட்டுக்கும் உருளைக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து இருக்கிறது. அங்கேதான் கைராய்டு: இரண்டு வலைகள் ஒன்றையொன்று தொடாமல் பின்னிக் கிடக்கும். அவற்றைப் பிரித்து நிற்பது, நாசாவின் ஆலன் ஷோன் 1970-இல் கணிதமாக விவரித்த பரப்பு. பாலிமர் அவர் அறிக்கையைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

கே: சூடாக்கினால் சண்டை முற்றுமா?

ப: பெரும்பாலும் சமாதானம்தான். பகையின் அளவுக்குக் ‘கை’ என்ற கிரேக்க எழுத்து, சங்கிலி நீளத்துக்கு ‘என்’. சமபங்கு ஜோடியில் இரண்டின் பெருக்குத்தொகை 10.5-ஐத் தாண்டினால்தான் பிரிவினை என்று 1980-இல் லுட்விக் லெய்ப்லர் கணக்குப் போட்டார். சூடேறினால் ‘கை’ சுருங்கும், இரண்டும் கலந்துவிடும். தண்ணீரில் போட்டால் கதை மாறும். போலாக்ஸமர் 407 என்ற பிளாக் கோபாலிமரின் கெட்டியான கரைசல் ஃபிரிட்ஜில் தண்ணீராய் ஓடும், உடம்புச் சூட்டில் ஜெல்லாக உறையும். சூடேற ஏற அதன் நடுப்பகுதிக்குத் தண்ணீர் பிடிக்காமல் போவதுதான் காரணம். மருந்து ஜெல்காரர்களுக்கு இது வரப்பிரசாதம்.

கே: இதெல்லாம் ஆய்வகத்தோடு சரிதானே?

ப: காலைத் தூக்கிப் பாருங்கள். பல செருப்பு, ஷூக்களின் அடிப்பாகம் எஸ்.பி.எஸ். என்ற பிளாக் கோபாலிமர். நடுவில் ரப்பர், இரு நுனியிலும் பாலிஸ்டைரீன். அந்த நுனிகள் கெட்டித் திட்டுகளாகத் திரண்டு ரப்பரைப் பிடித்து வைக்கின்றன. கந்தகம் போட்டு வேகவைக்கிற வேலையே இல்லை.

கே: சிப் செய்யவும் உதவுமாமே?

ப: உதவும், கெஞ்சினால். பாலிஸ்டைரீன்–பி.எம்.எம்.ஏ. படலத்தைச் சிலிக்கானில் பூசினால், பி.எம்.எம்.ஏ. தரையோடு ஒட்டிக்கொள்ளும்; தட்டுகள் படுத்துவிடும். நமக்கு வேண்டியது நிற்கும் தட்டுகள்; மேலிருந்து பார்த்தால் அவைதான் சிப்புக்கான கோடுகள். அடியில் இருவருக்கும் பொதுவான ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் நிற்கும். இந்த வழியை 1997-இல் ரஸ்ஸல், ஹாக்கர் குழு காட்டியது. நின்றாலும் கைரேகை மாதிரி வளைந்து வளைந்து ஓடும். நேராக்க அடியில் கோடு போட்டு வழிகாட்ட வேண்டும்.

கே: கோட்டை இன்னும் நெருக்கமாக்கச் சங்கிலியைக் கத்தரித்தால் போதுமே?

ப: ‘என்’ குறையும், பெருக்குத்தொகை 10.5-க்குக் கீழே சரியும், இருவரும் ராசியாகிவிடுவார்கள், கோடே இருக்காது. பி.எம்.எம்.ஏ. ஜோடி இதனால் ஏறத்தாழ 20 நானோமீட்டர் இடைவெளியிலேயே திணறுகிறது. பகை அதிகமுள்ள வேறு ஜோடி பார்க்க வேண்டும். அதிலும் வில்லங்கம்: பகை கூடினால் சங்கிலிகள் இடம் மாறி உட்காரத் தயங்கும், கோட்டில் விழுந்த பிழை அப்படியே தங்கிவிடும். சிப் கம்பெனிக்காரர் எதை மன்னித்தாலும் அதை மட்டும் மன்னிக்க மாட்டார்.