கமறல் ஆரம்: மொட்டைமாடி மிளகாய்த்தூள் பற்றிய ஓர் ஆய்வு

காரத்தை அளக்க 1912-இல் அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் ஒரு வழி கண்டார். மிளகாய்ச் சாற்றில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவது; சுவைப்பவர் நாக்குக்கு எப்போது உறைப்பு தெரியாமல் போகிறதோ, அதுவே கணக்கு. நம் வீட்டில் மிளகாயைச் சர்க்கரையில் கரைத்தால் ஆய்வாளரைத்தான் முதலில் பரிசோதிப்பார்கள். எனவே ‘கமறல் ஆரம்’ என்ற அலகை இக்கட்டுரை முன்வைக்கிறது: தூள் அரைபடும் இடத்துக்கும், அதனால் கடைசியாக இருமுபவர் நிற்கும் இடத்துக்கும் உள்ள தொலைவு.

வரலாறு சுருக்கமானது. போர்த்துகீசியர் கொண்டுவரும்வரை நமக்கு உறைப்பென்றால் மிளகு. வந்த காய்க்கு அதன் பெயரையே கொடுத்து, மிளகைச் சளி பிடித்த நாட்களின் ரசத்துக்கு ஒதுக்கிவிட்டோம்.

ஆய்வுக்களம்: சென்னையில் ஒரு மொட்டைமாடி, ஆறு தொட்டிகள். விதை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயிலிருந்து உதிர்ந்தது. பழுத்தவற்றில் பதினொன்றைக் கிளிகள் தின்றன. பறவைகளுக்கு மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் உறைப்பதில்லையாம், நமக்கு உறைத்தது.

மிஞ்சியவை பழைய வேட்டியில் ஐந்து வெயில் காய்ந்தன. குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும் என்பது அம்மா விதித்த தரக்கட்டுப்பாடு. பரப்பியது 400 கிராம், அள்ளியது 110. காரம் விதையில் இருக்கிறது என்பது அம்மாவின் கோட்பாடு. விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் அது உருவாகிறது என்று, காம்பு கிள்ளியபடியே ஆய்வாளர் விளக்கினார். அதே விரலால் கண்ணைக் கசக்கிய பிறகு விவாதம் தொடரவில்லை.

மாவு மில்லில், "இது மிஷினோட பல்லுக்குக்கூடப் பத்தாது சார்" என்றார்கள். ஆகவே 200 கிராம் மல்லியை வறுத்துச் சேர்த்து மிக்சியில். "ஒடனே திறக்காதடா, தூள் அடங்கட்டும்" என்ற எச்சரிக்கை, அறிவியல் ஆர்வத்தின் காரணமாகப் புறக்கணிக்கப்பட்டது.

முடிவுகள்: 1 மீட்டரில் ஆய்வாளர், பேச்சில்லை. 4 மீட்டரில் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, நீண்ட நேரம். 14 மீட்டரில், வாசலில் சிலிண்டர் இறக்கியவர். ஒரே இருமல்தான், ஆனால் மனமார. கமறல் ஆரம் 14 என்று பதிவாயிற்று.

மறுநாள் அம்மா, "இத்தனை காய்ச்சதுக்குக் கண்ணு பட்டிருக்கும்" என்று, அரைக்காமல் எடுத்துவைத்த மூன்று மிளகாயையும் உப்பையும் செடிகளுக்குச் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வராவிட்டால் திருஷ்டி உறுதி என்பது இத்துறையின் பழைய தேற்றம்.

"நெடி வருதாடா?"

"வரலம்மா."

"பாத்தியா, நான் சொல்லல?" என்று அம்மா எதிர்வீட்டு மாடியை ஒருமுறை பார்த்தார். மிக்சி மூடியைத் திறந்த நேரத்திலிருந்து நம் வீட்டில் ஒருவருக்கும் மூக்கு வேலைசெய்யவில்லை என்பதை ஆய்வாளர் அங்கே குறிப்பிடவில்லை.