மாடி பஸ் மேல்தளம்: காலங்கடந்த ஒரு விண்ணப்பம்

பெறுநர்: பொது மேலாளர், லிவர்பூல் மாநகராட்சிப் போக்குவரத்துத் துறை, லிவர்பூல், இங்கிலாந்து.

பொருள்: குவாரிமென் என்ற பள்ளிக்கூடப் பையன்களின் இசைக்குழுவைச் சேர்த்து வைத்ததும் கலைத்து விட்டதும் – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் துறை 1969 டிசம்பரில் மெர்சிசைடு பயணிகள் போக்குவரத்து நிர்வாகத்தில் கரைந்துபோனது இந்த விண்ணப்பத்தை எழுதுபவருக்குத் தெரியும். இருக்கிற அலுவலகங்களுக்குப் போட்ட மனுக்களுக்கே பதில் வராத ஊரிலிருந்து எழுதுபவருக்கு, இல்லாத அலுவலகத்துக்கு எழுதுவதில் புதிதாக இழப்பதற்கு ஒன்றுமில்லை.

விவகாரம் 1956இல் தொடங்குகிறது. லானி டானகன் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்' பிரிட்டனைப் பிடித்து ஆட்டியது. ஸ்கிஃபிள் என்ற அந்த இசைக்குக் காசு அதிகம் தேவையில்லை என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. ஒரு கிட்டார், துணி துவைக்கும் பலகை, ஒரு தேயிலைப் பெட்டி, அதில் செருகத் துடைப்பக் கம்பு, கம்புக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கயிறு. கயிற்றைச் சுண்டினால் பேஸ் கிட்டார் மாதிரி முனகும். (அந்தப் பெட்டிகளில் சில இலங்கை மலையகத்துத் தேயிலையைச் சுமந்து கப்பலேறியவையாக இருக்கலாம். ராயல்டி கேட்கும் உரிமை நம்மவர்களுக்கும் உண்டு. அது வேறு மனு.) குவாரி பேங்க் பள்ளியில் படித்த ஜான் லெனன் தன் பதினாறாம் வயதில் இந்தத் தட்டுமுட்டுச் சாமான்களை வைத்து ஒரு குழு அமைத்தார். பள்ளிப் பெயரிலிருந்தே குழுவுக்கும் பெயர்.

சரி, இந்தச் சாமான்கள் ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு எப்படிப் போயின? யாரிடமும் கார் இல்லை. தங்கள் பச்சை நிற மாடி பஸ்தான் இருந்தது. டிரம்ஸ் செட்டோடும் தேயிலைப் பெட்டியோடும் ஏறுகிற விடலைகளைக் கண்டு கண்டக்டர்கள் கும்பிடு போட்டிருப்பார்களா, கோபப்பட்டிருப்பார்களா என்பது பதிவாகவில்லை. ஆனால் ஏற்றிக்கொண்டார்கள். முதல் குற்றம் அதுதான்.

அடுத்தது, ஆள் சேர்த்துக் கொடுத்தது. ஸ்பீக் பகுதியிலிருந்து லிவர்பூல் இன்ஸ்டிட்யூட் பள்ளிக்குப் போன பால் மெக்கார்ட்னியும், அவரைவிட எட்டு மாதம் இளைய ஜார்ஜ் ஹாரிசனும் பேசிப் பழகியது தங்கள் பஸ்ஸில். B7 என்ற ஒரு கிட்டார் சுரக்கூட்டு (கார்டு) யாருக்கோ தெரியும் என்று கேள்விப்பட்டு, அதைக் கற்றுக்கொள்ள மட்டுமே பஸ் மாறி ஊரின் மறுகோடிக்குப் போன கதையைப் பால் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். E, A இரண்டும் கைவசம் இருந்தன. மூன்றாவது இல்லாமல் பாட்டு முடியவில்லை. இன்றைக்குக் கைப்பேசியில் பத்து விநாடி வேலை. அன்றைக்கு அது இரண்டு டிக்கெட் விலை.

1957 ஜூலை 6 அன்று, வூல்டன் தேவாலயத் திருவிழாவில் பால் ஜானைச் சந்தித்தார். அன்று குழு ஊர்வலம் போனது லாரியின் முதுகில். அதனால் அந்தப் பெருமையில் மட்டும் தங்களுக்குப் பங்கில்லை. ஆனால் 1958இல், பதினைந்தைத் தொட்டும் தொடாத ஜார்ஜை ஜானுக்குக் காட்ட வேண்டி வந்தபோது, பால் தேர்ந்தெடுத்த அரங்கம் எது? கூட்டமில்லாத ஓர் இரவு பஸ்ஸின் மேல்தளம். ஜார்ஜ் கிட்டாரை எடுத்து 'ராஞ்சி' என்ற மெட்டை ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். பொடியன் என்று தயங்கிய ஜான் மசிந்தார். ஜார்ஜின் அப்பா ஹாரல்ட் ஹாரிசன் தங்கள் துறையின் ஓட்டுநர். வாரிசு அரசியல் என்று எங்கள் ஊரில் இதைத்தான் சொல்வோம்.

இனி, கலைத்து விட்ட கதைக்கு வருவோம். மான்செஸ்டரில் கேரல் லெவிஸ் நடத்திய திறமைப் போட்டி. கடைசியில் கைதட்டலை அளந்து பரிசு தருவார்கள். நன்றாகவே வாசித்த பையன்கள், கைதட்டல் அளக்கும் நேரத்தில் அரங்கில் இல்லை. லிவர்பூலுக்குக் கடைசி வண்டியைப் பிடிக்க ஓடிவிட்டார்கள். அந்த வண்டி தங்களுடையதல்ல. ஆனாலும் கால அட்டவணை போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே சாதிதானே?

இன்னொன்று முழுக்கத் தங்கள் கணக்கில். பஸ் ஊழியர்களின் கிளப் ஒன்றில், ஜார்ஜின் அப்பா தயவில் ஒரு கச்சேரி. வாய்ப்புக் கொடுக்கலாமா என்று பார்க்க உள்ளூர்த் தியேட்டர் மேலாளர் ஒருவர் வந்திருந்தார். முதல் பாதி அமோகம். இடைவேளையில் பீர். இரண்டாம் பாதி மானக்கேடு. திரும்பும் பஸ்ஸில் சண்டை; டிரம்மர் காலின் ஹான்டன் தன் டிரம்ஸோடு இறங்கிப் போனவர், குழுவுக்குத் திரும்பவில்லை. அதன்பின் 1960 ஆகஸ்டில் பீட் பெஸ்ட் வரும்வரை நிலையான டிரம்மர் அமையவில்லை. யாராவது கேட்டால், தாளமெல்லாம் கிட்டாருக்குள்ளேயே இருக்கிறது என்று சமாளித்தார்கள். கிளப்பும் தங்கள் ஆட்களுடையது, சண்டை நடந்த இடமும் தங்களுடையது. இதற்கென்ன விளக்கம், ஐயா?

அந்தப் பையன்கள் பீட்டில்ஸ் ஆனார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். ஜானும் பாலும் வளர்ந்த வீடுகளை நேஷனல் டிரஸ்ட் பாதுகாக்கிறது. பார்வையாளர்களை மினிபஸ்ஸில் ஏற்றிப்போய்க் காட்டுகிறது. ஜார்ஜும் பாலும் பஸ்ஸுக்குக் காத்து நின்ற அதே ஸ்பீக்கில் உள்ள விமான நிலையத்துக்கு 2001இல் ஜான் லெனன் பெயரைச் சூட்டினார்கள். சின்ன வயதில் விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்திருக்கக்கூடிய ஒருவர் பெயரில் விமான நிலையம். ஏறி இறங்கிய பஸ்ஸுக்கு ஒரு தகரப் பலகைகூட இருப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே தங்கள் சமூகம் பின்வருவனவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறோம். B7 கற்கச் செலவான கட்டணத்தை உரியவருக்குத் திருப்பித் தருவது. (உரியவர் இன்று பெரும் செல்வந்தர், ஆனாலும் கணக்கு கணக்குதான்.) ஹாரல்ட் ஹாரிசனின் பணிப்பதிவேட்டில், மகனை மேல்தளத்தில் வாசிக்க விட்டதற்காக ஒரு நற்சான்று. கடைசியாக, இன்றிரவு எந்த ஊர்க் கடைசி பஸ்ஸிலாவது ஒரு பையன் மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு அதே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டினால், கண்டக்டர் விசிலை ஊதாமல் அடுத்த நிறுத்தம் வரை பொறுத்திருக்க ஒரு சுற்றறிக்கை.

இப்படிக்கு,
டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் பயணி ஒருவர்

நகல்: விமான நிலைய இயக்குநர் (தகவலுக்காக மட்டும்)