தொலைபேசி அறையிலிருந்து டி.ஜி.எம். அறை வரை

1984-இல் மதுரையில் ஒரு பொதுத்துறை வங்கியின் மண்டல அலுவலகத்தில் நான் கிளார்க்காகச் சேர்ந்தபோது, மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. ஒரு ஸ்விட்ச்போர்டு, ஒரு நாற்காலி, ஒரு மேசை விசிறி. அங்கே இருந்த ஆபரேட்டருக்குக் கண் தெரியாது. ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு அரை நாள் காத்திருந்த காலம் அது. எந்தக் கிளைக்கு எந்த எண், எந்த மேனேஜர் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார், யாரிடம் சொன்னால் லைன் சீக்கிரம் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பிரெய்ல் பலகையில் ஊசியால் குத்தி வைத்த எண்களின் கட்டு ஒன்று மேசையறையில் கிடக்கும். அதை அவர் எடுப்பது அபூர்வம். படியில் இறங்கும் சத்தத்தை வைத்தே, "என்ன தங்கச்சி, செருப்பு புதுசா?" என்பார்.

அவர் எம்.ஏ. முடித்தவர். ஆனாலும் ஆபரேட்டராகவே சேர்ந்து ஆபரேட்டராகவே ஓய்வு பெற்றார். மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு 1977-இல் கொண்டு வந்த இட ஒதுக்கீடு 'சி', 'டி' பிரிவு வேலைகளோடு நின்றது. அதிகாரி பதவிகளுக்கான கதவை 1995-ஆம் ஆண்டுச் சட்டம்தான் திறந்தது. அதற்குள் அவருடைய வயது போய்விட்டது.

ஆண்டுக் கணக்கு முடிக்கும் சமயத்தில் பழைய லெட்ஜர் கட்டுகளை நடைபாதையில் அடுக்கி வைப்பார்கள். கழிப்பறைக்குப் போகிற வழி அதுதான். முந்தின நாள் இல்லாத கட்டு மறுநாள் இருக்கும். அவருடைய முழங்காலில்தான் அது முதலில் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கட்டுகளைச் சுவரின் ஒரே பக்கமாக அடுக்கச் சொல்லியிருப்பார். செலவு ஒரு பைசா கிடையாது. அந்தக் கட்டடத்தில் அதிகாரத்தில் இருந்த யாரும் அவரைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. எல்லாக் கிளைகளையும் ஒரே வலையில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்தபோது, முப்பது வருட சர்வீஸ் உள்ள அதிகாரிகள் நேற்று சேர்ந்த பிள்ளைகளின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். யாரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை. கற்காவிட்டால் அன்றைய கணக்கு முடியாது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவர் ஜாக் வெல்ச் 1999-இல் இதையே உத்தரவாகப் போட்டார்: மேல்மட்டத்தில் இருக்கும் சுமார் 500 பேரும் ஆளுக்கொரு இளையவரைத் தேடிப் பிடித்து இன்டர்நெட் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த முறையைப் பிற நிறுவனங்கள் வேறு பக்கம் திருப்பின. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், சிறுபான்மையினர் என்று கீழே இருப்பவர்கள் பேச, மேலே இருப்பவர் உட்கார்ந்து கேட்பது என்றாயிற்று. 'ரிவர்ஸ் மென்டரிங்' என்ற பெயரோடு அது எங்கள் வங்கிக்கும் வந்தது. அப்போது நான் பணியாளர் பிரிவில் இருந்தேன். யாருக்கு யார் என்ற பட்டியல் என் மேசையில்தான் தயாரானது.

துணைப் பொது மேலாளரான டி.ஜி.எம்.முக்கு வழிகாட்டியாக நியமிக்கப்பட்டவர் பார்வையற்ற ஓர் இளம் அதிகாரி. போட்டித் தேர்வு எழுதி நேரடியாக அதிகாரியாக வந்தவர். திட்டத்தை அறிவிக்கும் சர்க்குலர் எல்லோருக்கும் மின்னஞ்சலில் போனது. அவருக்கும் போனது. அதை அவரால் படிக்க முடியவில்லை. பக்கத்து சீட் பெண் வாசித்துக் காட்டித்தான், தான் வழிகாட்டி என்பதே அவருக்குத் தெரிந்தது.

முதல் சந்திப்பில் அங்கிருந்தே தொடங்கினார். மடிக்கணினியை டி.ஜி.எம். மேசையில் வைத்துத் திரையை அணைத்தார். ஹெட்போனைக் கழற்றிச் சத்தத்தை அறைக்குக் கேட்கும்படி வைத்தார். அவர் பயன்படுத்துவது என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும்.

"சார், நீங்க கையெழுத்துப் போட்ட சர்க்குலர் இது. கேளுங்க."

குரல் கோப்பின் பெயரைச் சொன்னது. அடுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்றது.

"நாலு பக்கம் இருக்கே தம்பி?"

"இருக்கு சார். ஆனா எழுத்தா இல்ல. போட்டோவா இருக்கு."

கம்ப்யூட்டரில் அடித்து, பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, ஸ்கேன் செய்து அனுப்புவது எங்கள் பழக்கம். எழுத்தாக இருந்த கோப்பு ஸ்டெனோவின் கணினியிலேயே தங்கிவிடும். படம்தான் வெளியே போகும். வாடிக்கையாளருக்கான தமிழ் அறிவிப்பு ஒன்றை அடுத்துத் திறந்தார். குரல் ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் கலந்து ஏதோ உளறியது. பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தி வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ்; கணினிக்கு அது தமிழ் இல்லை. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று உத்தரவு போட்டுவிட்டது. எங்கள் கிளைகளில் பழைய எழுத்துரு அப்படியே இருந்தது. அதே அறிவிப்பை அவர் யூனிகோடில் அடித்து வைத்திருந்தார். குரல் அதை ஒரு வரி பிசகாமல் தமிழில் வாசித்தது.

கடைசியாக, கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும் பக்கம். அம்புக்குறி விசையைத் தட்டத் தட்ட, "பட்டன், பட்டன், பட்டன்" என்றது குரல்.

"இதுல எது ஒப்புதல், எது நிராகரிப்பு?" டி.ஜி.எம். கேட்டார்.

"பேர் எழுதாம விட்டிருக்காங்க சார். நான் எண்ணி வெச்சிருந்தேன், மூணாவது ஒப்புதல்னு. போன மாசம் நடுவுல ஒரு பட்டன் புதுசா சேர்த்தாங்க. மூணாவது இப்ப வேற."

டி.ஜி.எம். சற்று நேரம் பேசவில்லை. தவறான பட்டனைத் தட்டினால் பதிவாவது அந்தத் தம்பியின் ஐ.டி.; விளக்கக் கடிதம் கேட்டு மெமோ வருவதும் அவருக்குத்தான். அப்போது "பார்வை இல்லாதவருக்கு இந்த வேலை ஒத்துவராது" என்று ஃபைலில் எழுத ஆள் இருக்கும். குறை பக்கத்தை வடிவமைத்தவருடையது என்று அந்த ஃபைலில் யாரும் எழுத மாட்டார்கள். மாற்றுத்திறனாளிகளின் திறமை பற்றி நம் அலுவலகங்களில் உலவும் கதைகளில் பாதி இப்படிப் பிறந்தவைதான்.

டி.ஜி.எம். செய்ததை நான் பாராட்டுகிறேன். அந்த வாரமே ஸ்டெனோவைக் கூப்பிட்டு உத்தரவு சொன்னார்: மண்டலத்திலிருந்து போகும் எல்லா சர்க்குலரோடும் எழுத்து வடிவக் கோப்பும் போக வேண்டும், தமிழ் அறிவிப்புகள் யூனிகோடில் இருக்க வேண்டும். பட்டன் விஷயம் அவர் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. தலைமை அலுவலகத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்குக் கடிதம் எழுதினார். மின்னணுத் தகவல்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை அந்தக் கடிதத்தில் சேர்க்கச் சொன்னதும் அந்தத் தம்பிதான்.

இந்த முறையின் பலம் முழுவதும் எனக்கு இங்கேதான் தெரிந்தது. உட்கார்ந்து கேட்பவரின் கையில் பேனா இருக்க வேண்டும். சிரமத்தை வாய்விட்டுச் சொல்லி முடித்த பிறகும் எந்த உத்தரவும் வராவிட்டால், சொன்னவருக்கு அது இன்னொரு சம்பளமில்லாத வேலை. வேறு சில ஜோடிகளில் அப்படித்தான் நடந்தது. கிராமக் கிளையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, பக்கத்து வீட்டுக்குப் போய் வருகிறோம் என்று ஓர் இளம் அதிகாரி சொன்னார். கேட்டவர் மிகவும் வருத்தப்பட்டார். குறிப்பு எழுதிக்கொண்டார். ஒரு புகைப்படம் எடுத்தார்கள். கட்டட வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பார்க்கலாம் என்று விஷயம் நின்றது. அந்தப் பெண் இரண்டாவது முறை பேச விரும்பவில்லை. அதை நான் அவருடைய குறையாகப் பட்டியலில் எழுத மறுத்துவிட்டேன்.

டார்கெட்டைக் குறைக்காமல் வழிகாட்டும் பொறுப்பையும் சேர்த்துத் தலையில் ஏற்றுவதும் அநியாயம். பார்வையற்றோர் பற்றி எந்தப் பிரிவுக்குச் சந்தேகம் வந்தாலும் அந்தத் தம்பிக்கே போன் போகும். அவருக்கும் முடிக்க வேண்டிய கடன் ஃபைல்கள் இருந்தன.

பட்டியலில் பெண்கள் இருந்தார்கள், மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள், இளைஞர்கள் இருந்தார்கள். சாதி இல்லை. புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் நாளே "எந்த ஊர்? ஊருல எந்தப் பக்கம்?" என்று கேட்பதன் பொருள் தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? இட ஒதுக்கீட்டு ரோஸ்டரில் வந்தவர் என்ற ஒரு சொல்லால் ஒருவரின் பத்து வருட உழைப்பை ஓரம் கட்டுவதை நான் சாப்பாட்டு மேசையிலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். தலித் ஊழியர் ஒருவர் எதிரே அமர்ந்து, இந்தக் கேள்விகள் தன்னை என்ன செய்கின்றன என்று சொல்ல, பொது மேலாளர் கேட்கும் ஒரு ஜோடியை நான் முன்மொழிந்தேன். அதற்கு எஸ்.சி., எஸ்.டி. ஊழியர்களுக்கான லையசன் ஆபீசர் இருக்கிறாரே, நலச் சங்கம் இருக்கிறதே என்று பதில் வந்தது. அவை புகாருக்கான இடங்கள். புகார் கொடுக்கும் நிலைக்கு முன்னால் எத்தனையோ வருடங்கள் ஒரு மனிதர் மௌனமாக இருந்திருப்பார். அந்த மௌனத்தைக் கேட்கத்தானே இந்தத் திட்டம்?

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஓய்வூதியர் சங்கம் வழியாக நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தில் மூன்று விஷயங்கள் கேட்டிருக்கிறேன். வழிகாட்டும் நேரத்துக்கு ஈடாக டார்கெட்டைக் குறையுங்கள். சொல்லப்பட்ட ஒவ்வொரு சிரமத்துக்கும் முப்பது நாளுக்குள் உத்தரவோ, காரணத்தோடு மறுப்போ எழுத்தில் கொடுங்கள். பட்டியலில் சாதியைச் சேருங்கள். முதல் இரண்டும் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. மூன்றாவதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, மறுபடி எழுதியிருக்கிறேன்.