சாக்கு வியாபாரம்

வா மாப்ள, உக்காரு. போர்டு எழுதுற ஆளைப் பெயின்ட்டும் கையுமா நிக்க வச்சிட்டு, "இலவச வைஃபைன்னு ஒரு வரி போடலாமா மாமா"ன்னு ஓடியாந்திருக்க. ரொம்ப சந்தோசம். பேங்குல கடன் வாங்குறப்ப மாமா ஞாபகம் வரல. இருபது கூடாரத்துக்கு ஆர்டர் குடுக்குறப்பவும் வரல. போர்டுல ரெண்டு வார்த்தைன்னதும் வந்திருச்சு. எழுத்துக்கு இவ்வளவுன்னு கூலி கேக்குறானோ?

இந்தக் கெழவனுக்கு வைஃபையப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்கிற, மூஞ்சியிலயே எழுதியிருக்கு. ஒண்ணும் தெரியாதுதான். கம்ப்யூட்டர் படிக்கிற பேத்தி சொல்றதக் காதுல போட்டுக்குறதோட சரி. ஆனா இந்தப் பூம்பாறையில இருந்து பூண்டு மூட்டைய எறக்கி வித்தே வயசாகிப்போனவன் நான். வாங்க வர்றவன் எதுக்கு வர்றான்னு அவன் செருப்பக் கழட்டுறதுக்குள்ள சொல்லிருவேன். உனக்கு அந்த வித்தை இன்னும் வரல.

மொதல்ல சொல்லு, நீ என்ன விக்கிற? கூடாரம்னு சொன்னா எந்திரிச்சுப் போயிருவேன். மெட்ராசுக்காரன் வீட்டுல மெத்தை இருக்கு, ஏசி இருக்கு, பாத்ரூமுக்குள்ளயே சுடுதண்ணி வருது. அதையெல்லாம் விட்டுப்புட்டு, வத்தலக்குண்டுல இருந்து வளைஞ்சு வளைஞ்சு வாந்தியெடுத்து ஏறி வந்து, கல்லு குத்துற தரையில படுக்க ராத்திரிக்கு ஆயிரத்து ஐநூறு ரூவா குடுக்குறானே, கிறுக்கனா அவன்? பனி பாக்கவா? பனியும் காட்டுமாடும் ரோட்டோரத்துல நின்னாலே சும்மா தெரியும். அவன் காசு குடுத்து வாங்கிட்டுப் போறது நாலே வார்த்தை: "அங்க டவரே எடுக்கல சார்."

அதுதான்டா உன் சரக்கு. யோசிச்சுப் பாரு. ஞாயித்துக்கெழம காலையில ஆபீஸ் மானேஜர் வாட்ஸப்புல ஒரு எக்செல் ஷீட்டு அனுப்புறாரு, "சின்ன வேலைதான், ரெண்டு நிமிசம்"னு. வீட்டுல இருந்தா தப்ப முடியுமா? பாத்துட்டான்னு நீலக்கோடு காட்டிக் குடுத்துரும். உன் எடத்துல இருந்தா திங்கக்கெழம போய் மொகத்தத் தொங்கப் போட்டு நாலு வார்த்தை சொல்லிட்டு சீட்டுல உக்காந்துக்கலாம். மானேஜர் மறுபேச்சுப் பேச மாட்டாரு. போன மாசம் அவரு ஏற்காட்டுல இருந்து தன்னோட மானேஜருக்குச் சொன்னதும் அதேதான? மானேஜர் மட்டுமா? அபார்ட்மென்ட் சங்கத்துத் தண்ணிப் பிரச்சனை, பெர்சனல் லோன் வேணுமான்னு கேக்குற பொண்ணு, மச்சினன் கல்யாணப் பேச்சுவார்த்தை, எல்லாத்துக்கும் அந்த நாலு வார்த்தையே மருந்து.

இப்ப நீ போர்டுல இலவச வைஃபைன்னு எழுதுற. போர்டோட நிக்குமா? கூகுள்லயும் உன் கூடாரத்துப் பேருக்குக் கீழ போடுவ. மானேஜரு சும்மா இருப்பாரா? "எந்த கேம்ப்புப்பா?"ன்னு கேட்டு, தேடிப் பாத்து, "இலவச வைஃபைன்னு போட்டிருக்கே"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு. முடிஞ்சுச்சு. விரதம் இருக்க வந்தவனுக்கு எலையில பிரியாணிய வச்சிட்டு, கூட்டு பொரியலும் இலவசம்னு சொன்ன கதை. அடுத்த தடவ அவன் உன் பக்கம் வர மாட்டான், கொழுக்குமலைப் பக்கம் போயிருவான்.

அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியான்னு ஒரு மாநிலத்துல கிரீன் பேங்க்னு ஒரு ஊரு இருக்காம். வானத்துல இருந்து வர்ற ரேடியோ அலையக் கேக்குறதுக்குப் பெரிய தொலைநோக்கி வச்சிருக்காய்ங்க. அது காதுல எரைச்சல் விழக்கூடாதுன்னு 1958-லயே சுத்துப்பட்டு 13,000 சதுர மைலுக்கு ரேடியோ அலைக்குக் கட்டுப்பாடு போட்டாய்ங்க. தொலைநோக்கி பக்கத்துல செல்போன் கோபுரம் கிடையாது, வைஃபைக்கும் ரொம்ப வருசம் தடை இருந்துச்சு. ஊரே காலியாயிருக்கணும்ல? இல்லியாம். இந்த அலையெல்லாம் ஒடம்புக்கு ஆகலன்னு சொல்லி, வேணும்னே அங்க குடி வந்தவங்களும் இருக்காங்கன்னு பேத்தி சொல்லுது. அவங்களுக்கு ஒடம்பு நெசமாவே ஆகலையா, மானேஜர் ஆகலையான்னு எனக்கு ஒரு சந்தேகம். எப்படியோ, தொலைநோக்கி இல்லாமலே அந்த வசதி உனக்கு மலை குடுத்திருக்கு. அத ஒயர் இழுத்துக் கெடுக்கப் பாக்குற.

சிரிக்காத. இதுல இன்னொரு கூத்து இருக்கு. கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வர்றவங்க இ-பாஸ் எடுக்கணும்னு ஹைகோர்ட்டு சொல்லி, 2024 மே 7-ல இருந்து நடைமுறை. அப்ப இன்டர்நெட்டு இல்லாத எடத்துக்கு வர்றதுக்கே இன்டர்நெட்டுலதான் சீட்டு வாங்கணும். அதை எடுத்து, செல்லுல காட்டி, செக்போஸ்ட்டு தாண்டி மேல ஏறினப்பறம்தான் மனுசன் மூச்சு விடுறான். அங்க நீ கேட்டைத் தொறந்து, "வாங்க சார், இதான் பாஸ்வேர்டு"ங்குற.

சரி, வேற கணக்குக்கு வர்றேன். உன் கூடாரத்துல தூங்குனவன் காலையில எந்திரிக்கிறான். முதுகு வலி. உப்புமாவுல கல்லு. கக்கூசுல தண்ணி ஐஸு. கோவம் மண்டைக்கு ஏறி நிக்குது. கையில வைஃபை இருந்தா என்ன செய்வான்? படுத்த எடத்துல இருந்தே ஒத்த நட்சத்திரம் போட்டு, உப்புமாவ போட்டோ எடுத்து ஏத்தி விட்டுருவான், உன் காசுல, உன் ஒயர்ல. வைஃபை இல்லன்னு வையி. கொடைக்கானல் டவுனுக்குப் போயித்தான் ஆகணும். போற வழியில பனி வெலகி பள்ளத்தாக்கு தெரியும், பொண்டாட்டி தோள்ல சாஞ்சுக்குவா, பூண்டு ஒரு கிலோ பேரம் பேசி வாங்குவான். ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்றப்ப அந்தக் கல்லு உப்புமாவே 'கிராமத்துச் சமையல்' ஆயிருக்கும். நாலு நட்சத்திரம் கெடைக்கும். கோவம் ஆறுறதுக்குன்னு மலைப்பாதை போட்டுக் குடுத்திருக்காய்ங்க, அதப் பயன்படுத்து.

அப்பறம் இந்த இலவசம். ரௌட்டர் பெட்டி மேல ஏதேதோ தூரம் போட்டிருப்பாய்ங்க, தெறந்த வெளிக்கு அது சரி. உன் எடத்துல நடுவுல மரம் நிக்குது. ஈர எலையில இருக்குற தண்ணி அந்த அலையில பாதிய உறிஞ்சிக்கும். அப்ப ஒரு பெட்டி போதாது, நாலு வேணும். ஐம்பது எம்பிபிஎஸ் லைன் போடுறேன்னு சொல்றியா? நல்லாத் தெளிவாப் படம் பாக்க ஒருத்தனுக்கு அஞ்சு வேணும்னு வையி. ராத்திரி ஒம்போது மணிக்கு பத்து கூடாரத்துல படம் ஓடுனா பதினொண்ணாவது கூடாரத்துல சக்கரம்தான் சுத்தும். அந்தப் பதினொண்ணாவது ஆளு அந்நேரத்துக்கு உன் கதவத் தட்டுவான். இல்லாத வைஃபைக்கு எவனும் சண்டைக்கு வர மாட்டான். மெதுவா வர்ற வைஃபைக்கு அடிதடியே நடக்கும்.

கொரங்க மறந்துட்ட. காசியில கங்கைக்கரையில வைஃபை குடுக்குறோம்னு கேபிள் போட்டா, அதக் கொரங்குங்க கடிச்சுத் தின்னுதுன்னு 2015-ல பேப்பர்லயே வந்துச்சு. காசிக் கொரங்காவது கோயில் பிரசாதம் சாப்புட்டு வளந்தது. நம்மூர்க் கொரங்கு லேஸ் பாக்கெட்டப் பிரிக்கப் படிச்சது. கரன்ட்டு போறதையும் இடி விழுறதையும் நான் சொல்லித்தான் தெரியணுமா? போன மழைக்கு உன் டிவியக் கொன்னது யாரு?

போலீசு வேற இருக்கு. 2008-ல அகமதாபாத்துல குண்டு வெடிச்சப்ப, அதுக்குக் கொஞ்சம் முந்தி ஒரு மிரட்டல் ஈமெயில் போச்சு. தேடிப்போனா, நவி மும்பையில பூட்டுப் போடாத ஒரு வீட்டு வைஃபை வழியாப் போயிருக்கு. வீட்டுக்காரன் ஒரு வெளிநாட்டு ஆளு, ஒண்ணுமறியாதவன், அவன விசாரணைன்னு உண்டு இல்லன்னு ஆக்கிட்டாய்ங்க. அதுக்கப்பறம் 2009-ல தொலைத்தொடர்புத் துறை சட்டம் பேசுச்சு: பொது எடத்துல வைஃபை குடுத்தா, வாங்குறவன் அடையாள அட்டை நகல வச்சிக்கணும், இல்லன்னா அவன் செல்லுக்கு எஸ்எம்எஸ்ல பாஸ்வேர்டு அனுப்பணும். இங்க எஸ்எம்எஸ் வரணும்னா டவர் வேணும். டவர் இருந்தா உன் வைஃபை எதுக்குடா அவனுக்கு?

அப்ப லைனே வேணாம்கிறியா மாமான்னு கேப்ப. அப்படிச் சொல்வேனா? கொரங்கணி மறந்துபோச்சா? 2018 மார்ச் 11, நம்ம தேனிப் பக்கந்தான். மெட்ராசு, திருப்பூர், ஈரோட்டுப் புள்ளைங்க மலையேறப் போய், எறங்குறப்ப காட்டுத்தீயில மாட்டி இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. மேல நடக்குறது கீழ தெரியுறதுக்கு ஒரு போனு வேணும். நெஞ்சு வலின்னு ஒருத்தர் சாஞ்சா, 108-க்குச் சொல்ல ஒரு வழி வேணும். டவர் இல்லங்கிறது சாக்கா இருக்கணுமே தவிர நெசமா இருக்கக்கூடாது. அதனால லைன் போடு. பேட்டரி போட்டு, கரன்ட்டு போனாலும் நிக்காத மாதிரி போடு. அடுப்படியில வையி. இத வசதின்னு நெனைக்காத, விளம்பரமும் பண்ணாத. தீயணைக்கிற மணல் வாளிக்கு எவனாச்சும் போர்டு வைக்கிறானா?

பாஸ்வேர்ட உங்க அத்தைகிட்ட குடுத்துரு. ஆமா, எங்க வீட்டு அம்மாதான். சமையலுக்கு அவதானே வரப்போறா. எவனாச்சும் வந்து வைஃபை கேட்டா அவ என்ன செய்வான்னு எனக்குத் தெரியும். அடுப்புல இருந்து எந்திரிச்சு, "அய்யய்யோ, என்னய்யா ஆச்சு? வீட்டுல யாருக்கு முடியல? அம்மாவுக்கா, அப்பாவுக்கா?"ன்னு பதறுவா. நெசமாவே அம்மாவுக்கு முடியாதவன் சொல்லி அழுவான். அவனுக்கு வைஃபையும் குடுத்து, காப்பியும் குடுத்து, ஜீப்புக்கும் சொல்லிவிட்டுருவா. பரீச்சை ரிசல்ட்டு பாக்குற புள்ளைக்கும் குடுப்பா, மார்க்கக் கேட்டுட்டுத்தான் விடுவா. ரீல்ஸ் பாக்க வந்தவன், "ஒண்ணுமில்லம்மா, சும்மா கேட்டேன்"னு பின்னாடியே நடந்து போயிருவான். எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு பூட்டு இன்னும் கண்டுபுடிக்கல.

இன்னொரு சாதி இருக்கு, அதுல கொஞ்சம் காசு பாக்கலாம். செவ்வாய், புதனுக்கு உன் கூடாரமெல்லாம் காத்து வாங்கும். அப்பத்தான் லேப்டாப்போட நாலு பேர் வருவாய்ங்க, வீட்டுல இருந்து வேலைன்னு ஆபீசுக்குச் சொல்லிட்டு. இவனுக்குச் சாக்கு தேவையில்ல, லைன்தான் வேணும். இவனுக்கு இலவசமாக் குடுத்தா என்னைவிட ஏமாளி நீ. ஓட்டுக் கொட்டகையில ஒரு மேசை, பிளக்கு, லைனு போட்டு மணிக்கு இவ்வளவுன்னு வாங்கு. டீக்கடைக்காரனும் வைஃபை விக்கலாம், லைசென்சு வேணாம், அதுக்குக் கட்டணமும் இல்லன்னு பி.எம். வாணின்னு ஒரு திட்டத்துக்கு 2020 டிசம்பர்லயே டெல்லியில ஒப்புதல் குடுத்தாச்சு. யாரு என்னன்னு சரிபாக்குற தலைவலி அந்தத் திட்டத்துல உன்னோடதில்ல, மேல இருக்குற கம்பெனியோடது. பேத்திகிட்ட கேளு, வெவரமாச் சொல்லும். வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆனதும் மேசைய மடக்கி வச்சிரணும், அத மட்டும் மறந்துறாத.

போர்டுல என்ன எழுதுறதுன்னு கேளு. "இங்கு எந்த நெட்வொர்க்கும் கிடைக்காது. அவசரத்துக்குச் சமையலறையில் கேட்கவும்." நல்லாக் கொட்டையெழுத்துல எழுதச் சொல்லு. அது முன்னாடி நின்னு குடும்பத்தோட போட்டோ எடுப்பாய்ங்க பாரு. திங்கக்கெழம மானேஜருக்குக் காட்ட வேண்டாமா? வாடகையில இருநூறு ரூவா கூட்டிக்க, கேக்க மாட்டாய்ங்க.

கெளம்பு, அந்த ஆளு பெயின்ட்டு காஞ்சிரப்போகுது. அப்பறம் மாப்ள, உங்க அம்மா நேத்து மூணு தடவ கூப்புட்டுச்சு. அந்தப் பத்தாயிரத்தக் கேக்கத்தான் இருக்கும். பாத்தா சொல்லிரு, மாமா ஊட்டுப் பக்கம் டவரே எடுக்கலன்னு.